முதல் யார் போட்டது?

கேள்வி: 1932-இல் வந்த 'சாண்டா'தான் மெக்சிகோவின் முதல் பேசும் படமாமே? அதை எப்படி எடுத்தார்கள்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 'முதல்' என்று எழுதிவிட்டீர்கள். இனி வரப்போகும் கடிதங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஒருமுறை இதே பக்கத்தில் ஏதோ ஒரு படத்தை 'முதல்' என்று எழுதித் தொலைத்தேன். அந்த வாரமே ஒன்பது கடிதங்கள், ஒன்பதிலும் வெவ்வேறு முதல் படம். ஒருவர், தன் தாத்தா அதில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவும் சேர்த்து எழுதியிருந்தார். தாத்தாவோடு யார் வாதாடுவது?

சாண்டாவுக்கு முன்பே இசைத்தட்டில் பதித்த ஒலியோடு அங்கே படம் காட்டியாகிவிட்டது. படச்சுருளிலேயே ஒலியையும் பதித்ததில்தான் இது முந்திக்கொண்டது. அந்தக் கருவி ரோட்ரிகஸ் சகோதரர்களின் கைவேலை. ஹாலிவுட் ஒலிப்பதிவுச் சாமான்களுக்கு லாரி வேண்டும். இவர்களுடையதை ஓர் ஆளே தூக்கிக்கொண்டு போகலாம்.

இவர்களும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தவர்கள்தான். பெண் வீடு மெக்சிகோ, மேளமும் சமையலும் பந்தலும் ஹாலிவுட். இயக்குநர் அந்தோனியோ மொரேனோ ஸ்பெயினில் பிறந்து, ஹாலிவுட் ஊமைப்படங்களில் கதாநாயகனாக இருந்தவர். கேமரா அலெக்ஸ் பிலிப்ஸ், கனடாக்காரர். கதாநாயகி லூபிதா தோவார் மெக்சிகோக்காரர்தான். ஆனால் அவரும் ஹாலிவுட் போய்த் திரும்பியவர். ரத்தக்காட்டேரிக் கதையான டிராகுலாவை ஹாலிவுட் ஸ்பானிஷ் மொழியிலும் எடுத்ததே, அதில் நடித்தது அவரே. ஆங்கிலப் படக்குழு பகலில் டிராகுலா எடுத்துவிட்டுக் கிளம்பியதும், அதே அரங்கில் இரவெல்லாம் ஸ்பானிஷ் டிராகுலா எடுத்தார்கள். டிராகுலாவுக்கு எந்த வேளை சரி என்பது இந்தக் கோஷ்டிக்குத்தான் தெரிந்திருக்கிறது.

எங்கே விட்டேன்? சாண்டா. திரைக்கதை கார்லோஸ் நொரியேகா ஹோப். அவர் யார்? ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர்! 'உங்களுக்குக் குறை சொல்லத்தான் வரும், ஒரு காட்சி எழுத வருமா?' என்று ஒரு தயாரிப்பாளர் என்னைக் கேட்டு இருபது வருஷமாகிறது. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவருக்கு அனுப்பப்போகிறேன். பதிவுத் தபாலில்.

சரி, மூலக்கதை ஃபெதெரிகோ கம்போவாவின் 1903 நாவல், 1918-லேயே ஊமைப்படமாக வந்ததுதான். அதற்கும் பத்தாவது கடிதம் வேண்டாம். சிமாலிஸ்தாக் கிராமத்துப் பெண்ணை ஒரு சிப்பாய் ஏமாற்றிவிட்டுப் போகிறான். வீட்டார் துரத்துகிறார்கள். அவள் நகரத்தில் ஒரு விலைமாதர் விடுதிக்கு வந்து சேர்கிறாள். பெயரோ சாண்டா, புனிதவதி! விடுதியில் பியானோ வாசிக்கும் கண் தெரியாத இப்போலிதோ அவளை நேசிக்கிறான். அவனுக்கு அவள் குரல் மட்டும்தான். ஊமைப்படத்தில் அவன் எதைக் கேட்டிருப்பான்?

படத்துக்குப் பாட்டு அகுஸ்தின் லாரா. சின்ன வயதில் மெக்சிகோ நகரத்தின் அப்படிப்பட்ட விடுதிகளில் பியானோ வாசித்துத்தான் அவர் சம்பாதித்தார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஹாலிவுட்டிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கவில்லை.