பாலைவனத்துக்கு மேலே தனியாக ஒரு நாள்: லா சால் மலைப் பனிச்சறுக்கு பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்குப் பக்கத்திலுள்ள லா சால் மலைக்குத் தனியாகப் போய் வந்த படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சிலர் திட்டியும் இருந்தீர்கள். அந்தத் திட்டில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. நான் இருப்பது கொலராடோவின் மேற்கு ஓரம். பதினோரு குளிர்காலமாக அந்த மலைக்குப் போகிறேன், பெரும்பாலும் துணையோடுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மோவாப்னா செம்மண் பாறை, ஆர்ச்சஸ் பூங்கா, கொளுத்துற வெயில். அங்க பனிச்சறுக்கா?

அதே மோவாப்தான் தம்பி. ஊர் சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஊருக்குத் தென்கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் லா சால் மலைத்தொடர் நிற்கும். அதன் உச்சியான மவுண்ட் பீல் 12,721 அடி. சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமிக்கு உள்ளிருந்து ஏறிவந்த பாறைக்குழம்பு மேலே இருந்த மணற்பாறை அடுக்குகளைத் தூக்கி, வெளியே வராமல் உள்ளேயே இறுகிப்போனது. பிறகு மேலே இருந்த மணற்பாறை அரித்துப்போக, உள்ளே இறுகியது மலையாக மிஞ்சியது. சுற்றிலும் வறண்ட நிலம், நடுவில் தீவு மாதிரி ஒரு மலை. போகிற போக்கில் வருகிற ஈரக்காற்று இதன்மேல் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து பனியைக் கொட்டிவிட்டுப் போகிறது.

கீழே சப்பாத்திக்கள்ளி, கொஞ்சம் மேலே ஜூனிப்பர் புதர், அப்புறம் வெள்ளைத் தண்டு ஆஸ்பென் மரங்கள், அதற்கும் மேலே ஸ்ப்ரூஸ் காடு. ஒரு மணி நேரம்கூட வண்டி ஓட்டியிருக்க மாட்டீர்கள், இத்தனையும் கடந்துவிடும். லா சால் என்றால் ஸ்பானிய மொழியில் உப்பு. தூரத்து வெள்ளையைப் பார்த்து உப்பு என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை உலவும். ஆனால் பக்கத்திலேயே உண்மையான உப்புப் படிவுகள் உண்டு, பெயருக்கு அதுவே போதுமான காரணம்.

சறுக்குபவர்களை மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் அங்கே கிடையாதாமே. சறுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவீர்களா?

இல்லை, காலில் மாட்டிக்கொண்டேதான் ஏறுவோம். கட்டையின் அடியில் ஸ்கின் என்று ஒரு நீளப் பட்டை ஒட்டுவோம். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் குட்டை ரோமம். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் இழுத்தால் பிடிக்கும். பூனையின் முதுகை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பார்த்தால் புரியும். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்ததால்தான் அந்தப் பெயர். இப்போது நைலான் அல்லது மோஹேர். ஏறும்போது குதிகால் விட்டிருக்கும், நுனிக்கால் மட்டும் பூட்டியிருக்கும். மேலே போனதும் ஸ்கின்னை உரித்து மடித்து, குதிகாலையும் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

இந்த மலையில் ஸ்கின்னுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வண்டி நிறுத்துமிடத்தில் செம்மணல் கிடக்கும். ஸ்கின்னை அங்கே கீழே வைத்தால் பசையில் மணல் ஏறிவிடும். மூன்று வருடம் முன்பு பாதி ஏற்றத்தில் இடது ஸ்கின் கழன்று வந்தது. ரப்பர் ஸ்ட்ராப்பால் கட்டையோடு சேர்த்துச் சுற்றி ஒப்பேற்றினேன். தனியாகப் போகும்போது பையில் குறைந்தது நாலு ஸ்ட்ராப் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

தனியா போறீங்க. அப்புறம் பீக்கான் எதுக்கு? யார் தேடப் போறாங்க?

சரியான கேள்வி, பலர் கேட்கத் தயங்குவது. பீக்கான் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் சின்னக் கருவி. பனிச்சரிவில் ஒருவர் புதைந்தால் கூட வந்தவர்கள் தங்கள் பீக்கானை வைத்துத் தேடி, நீளக் குச்சியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்டி எடுக்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. அதற்குப் பிறகு மூச்சுக்காற்று இல்லாமல் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. ஹெலிகாப்டரோ மீட்புக் குழுவோ அந்த நேரத்துக்குள் வர முடியாது.

ஆக, தனியாகப் போகிறவர் புதைந்தால் அந்தப் பீக்கான் உடலைக் கண்டெடுக்க மட்டுமே உதவும். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். நான் மாட்டிக்கொள்வது இரண்டு காரணத்துக்காக: வேறு யாராவது புதைந்தால் நான் தேடலாம், யாராவது தற்செயலாக என்னைப் பார்த்திருந்தால் அவர்கள் தேடலாம். சரிவில் சிக்கினால் ஊதி விரிந்து புதையாமல் மேலே வைக்கப் பார்க்கும் காற்றுப்பை முதுகுப்பையும் அப்படியே, கொஞ்சம் உதவும், காப்பாற்றும் என்று உறுதி கிடையாது. என் உண்மையான பாதுகாப்பு சரியும் இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான்.

சரியும் இடம் எதுன்னு எப்படித் தெரியும்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. 30-க்குக் கீழே அபூர்வம். அதனால் தனியாகப் போகும் நாளில் என் எல்லை 27 டிகிரி. சாய்வுக்கேற்ப நிறம் காட்டும் வரைபடங்கள் கால்டோப்போ போன்ற தளங்களில் கிடைக்கின்றன, முந்தைய நாள் இரவே பார்த்துவிடுவேன். ஆனால் நிற்கிற இடம் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருந்தால், கீழே தட்டையில் நடக்கும் உங்கள் எடையே மேலே இருப்பதை இழுத்துவிடலாம். வரைபடத்தில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்த பிறகு, தலைக்கு மேலேயும் பாருங்கள்.

அடுத்தது அடுக்கு. லா சாலில் பனி ஆழம் குறைவு. நிலத்தை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரி செல்சியஸில் இருக்கும். மேகமே இல்லாத பாலைவன இரவில் மேற்பரப்போ மைனஸ் 20-க்குப் போகும். குறைந்த ஆழத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற அளவைத் தாண்டினாலே நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, ஒட்டிக்கொண்டிருந்த பனித்துகள்களைக் கோண முனை கொண்ட படிகங்களாக மாற்றிவிடும். குழி தோண்டி அந்த அடிப்பனியைக் கையுறையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது. ஜீனி மாதிரி விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டும். ஒவ்வொரு மணியிலும் வரிவரியாகக் கோடு தெரியும். பார்க்க அவ்வளவு அழகு. அதன்மேல் காற்று கொண்டுவந்து அடுக்கிய கெட்டியான பனிப் பலகை உட்கார்ந்திருக்கும். ஜீனி மேல் கடப்பைக்கல்லைச் சாய்த்து வைத்தது போல.

தனித்து நிற்கும் மலை என்பதால் காற்றுக்கு மறைப்பே இல்லை. மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, முகட்டைத் தாண்டி வடக்கு, கிழக்குச் சரிவுகளில் பனியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அழகான பொடிப்பனி இருப்பதும் அங்கேதான், ஆபத்து இருப்பதும் அங்கேதான்.

1992 பிப்ரவரியில் இந்த மலையின் கோல்ட் பேசின் பகுதியில் ஒரே பனிச்சரிவில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், இந்த மலைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை எழுதுவதையே வேலையாகக் கொண்டிருந்தவர். கோல்ட் பேசினுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்ததில் ஒரு பங்குகூட இராது.

எச்சரிக்கை அறிக்கை எங்கே பார்ப்பது?

யூட்டா அவலாஞ்ச் சென்டர் (பனிச்சரிவு மையம்) வெளியிடும் அறிக்கையில், மோவாப் பகுதி. அபாய அளவு ஐந்து படி. மூன்றாவது படியான "கணிசம்" என்பதை நடுத்தரம் என்று படித்துவிடாதீர்கள். நிறைய உயிர் போவது அந்தப் படியில்தான், ஏனென்றால் நான்கு, ஐந்தில் ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

போன வாரப் படத்தில் உச்சியே இல்லையே? திரும்பிவிட்டீர்களா?

உச்சி திட்டத்திலேயே இல்லை. அறிக்கையில் மேல் வடக்குச் சரிவுகளுக்குக் "கணிசம்", கீழே இரண்டாவது படியான "மிதம்". அதனால் ஸ்ப்ரூஸ் காட்டுக்கு நடுவே 25 டிகிரி தாண்டாத ஒரு வெட்டவெளிக்கு மட்டும் போய்வருவதாக முடிவு.

காலை ஏழு மணிக்கு கீசர் பாஸ் சாலையில், சுமார் 9,600 அடியில் வண்டியை நிறுத்தினேன். தனியாக ஏறும்போது சத்தம் வேறு மாதிரி கேட்கும். கட்டை உரசும் சத்தம், மூச்சு, கிளையிலிருந்து பனி விழும் சத்தம், அவ்வளவுதான். ஒன்பதரைக்கு வெளியின் மேல் ஓரம். மேற்கே பார்த்தால் கால்மாட்டில் ஸ்பானிஷ் பள்ளத்தாக்கின் சிவப்பு, அதற்கு அப்பால் கேன்யன்லாண்ட்ஸ் பூங்கா வரை மடிப்பு மடிப்பாகப் பாறை. மூக்கு நுனி விறைத்துக்கொண்டிருக்க, கண்ணுக்கு முன்னால் பாலைவனம். இத்தனை வருடமாகியும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை.

இரண்டு முறை இறங்கி ஏறினேன். மூன்றாவது முறை, கொஞ்சம் வடக்கே தள்ளிப் புதுப் பாதை போடலாம் என்று பத்தடி வைத்திருப்பேன். காலுக்கு அடியில் "வூம்ப்" என்று ஒரு சத்தம். பெரிய மெத்தைமேல் யாரோ தொப்பென்று விழுந்த மாதிரி. கட்டை நுனியிலிருந்து ஒரு விரிசல் தையல் பிரிவது போல இருபதடி ஓடி நின்றது. அடியிலிருந்த ஜீனி அடுக்கு அமுங்கிவிட்டது. சாய்வு குறைவாக இருந்ததால் பனி நகரவில்லை, அவ்வளவே. மணி பதினொன்றேகால். வெயில் நன்றாக இருந்தது, கால் களைக்கவில்லை, பனியும் அருமை. வந்த தடத்திலேயே திரும்பி வண்டிக்கு வந்துவிட்டேன். துணையோடு போயிருந்தால் அந்தச் சத்தத்தைப் பற்றி நின்று பேசியிருப்போம். தனியாக இருக்கும்போது பேச்சுக்கே இடமில்லை, அந்த ஒரு சத்தம் போதும்.

சில படங்களில் பனி செம்பழுப்பா இருக்கே, அது மண்ணா?

அது பழைய ஏப்ரல் படம். ஆமாம், பாலைவனத் தூசிதான். வசந்த காலப் புயல் கொலராடோ பீடபூமி மண்ணை அள்ளிவந்து பனிமேல் தூவும். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், தூசி படிந்த பனி குடித்துவிடும். அதனால் உருகல் பல வாரம் முன்னாடியே முடிந்துவிடுகிறது. ஆற்றுத் தண்ணீரை நம்பி இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். சறுக்குபவர்களுக்கோ, தூசி இருக்கும் இடத்தில் கட்டை திடீரென்று பிடித்து இழுக்கும், குப்புற விழ வேண்டியதுதான். ஏப்ரலில் விடியற்காலை இறுகி, ஒன்பது பத்து மணிக்கு மேல்பக்கம் மட்டும் இளகும் பனி அற்புதமானது. கணுக்கால் வரை கால் புதைய ஆரம்பித்தால் கிளம்பிவிட வேண்டும்.

உயரத்தில் தலைவலி வருமா?

வரும். முந்தைய இரவு மோவாபில் தங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். பிளாஸ்கில் சுக்கு மல்லிக் காபி என் வழக்கம். தலைவலியோடு வாந்தியும் வந்தால் உடனே கீழே இறங்கவும்.

நான் போன வருஷம்தான் கத்துக்கிட்டேன். தனியா போகலாமா?

வேண்டாம் தம்பி. மூன்று நாள் லெவல் 1 பனிச்சரிவுப் பயிற்சி, பிறகு தெரிந்தவர்களோடு இரண்டு மூன்று குளிர்காலம். அதற்கு முன் தனியாக வேண்டாம்.

என் மகன் டென்வரில் இருக்கிறான். இப்படித் தனியாகப் போகிறான். போகாதே என்றால் கேட்கவில்லை. நான் என்ன செய்வது?

அம்மா, என் அம்மாவும் இதையே கேட்டவர். போகாதே என்பதை விட்டுவிட்டு அவனிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். எந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறாய்? எந்தப் பக்கச் சரிவில் ஏறுகிறாய், எத்தனை டிகிரி? எத்தனை மணிக்குள் செய்தி அனுப்புவாய்? நல்ல பிள்ளைக்கு இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்திருக்கும். தடுமாறினால் அவனே யோசிப்பான்.

மலையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று வாங்கித் தரலாம். சொன்ன நேரம் தாண்டி எவ்வளவு பொறுப்பது, யாரை அழைப்பது என்பதையும் அவனிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மோவாப் பக்கம் என்றால் 911 அழைத்தால் கிராண்ட் கவுன்டி மீட்புக் குழுவுக்குச் சொல்வார்கள். நீங்கள் இந்தியாவிலிருந்து 911 அழைக்க முடியாது. அதனால் டென்வரில் அவன் நண்பர் ஒருவரின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். நான் என் அம்மாவுக்கு அனுப்புவது ஒரே வரி: "வண்டிக்கு வந்துட்டேன்." அங்கே நடுராத்திரியாக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிடும்.