சான் ஜிமிஞானோவில் மட்டும் இத்தனை கோபுரங்கள் எப்படித் தப்பின?

சுருக்கமாகச் சொன்னால், ஊர் நொடித்துப்போனதால்தான்.

இத்தாலியின் டஸ்கனியில் குன்றின் மேல் இருக்கும் இந்த ஊர் வழியாகத்தான் ரோமுக்குப் போகும் யாத்ரீகர் சாலை சென்றது. அதனாலும் குங்குமப்பூ வியாபாரத்தாலும் காசு புரண்டது. காசு வந்தால் கௌரவச் சண்டை வராமல் இருக்குமா? போப் பக்கம் நின்ற அர்திங்கெல்லி குடும்பமும் புனித ரோமப் பேரரசர் பக்கம் நின்ற சல்வூச்சி குடும்பமும் போட்டி போட்டுக் கோபுரம் கட்டின. மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. மொத்தம் 72 இருந்ததாகச் சொல்வார்கள். ஏறக்குறைய 51 மீட்டர் உயரமுள்ள ரோஞோசா கோபுரத்தைத் தாண்டித் தனியார் யாரும் கட்டக்கூடாது என்று 1255இல் சட்டமே போட்டார்கள். அப்புறம் நகராட்சியே 54 மீட்டரில் தோர்ரே குரோஸ்ஸாவைக் கட்டிக்கொண்டது வேறு கதை!

வெளியே இவ்வளவு மிடுக்கு, உள்ளே இருட்டு. சுவர்கள் அவ்வளவு தடிமன், அறைகள் அவ்வளவு குறுகல். கற்சுவரில் வரிசையாகத் தெரியும் சதுர ஓட்டைகள், சாரத்துக்கும் மர மாடங்களுக்கும் உத்தரம் சொருகியவை.

1348இல் கொள்ளைநோய் வந்து ஊர் பாதி காலியானது. 1353இல் பிளாரன்ஸுக்கு அடங்கியது. மற்ற ஊர்கள் பழைய கோபுரங்களை இடித்துப் புது மாளிகை கட்டியபோது, இங்கே அதற்குப் பணமில்லை. அப்படி மிஞ்சிய பதினான்கைத்தான் இன்று பார்க்கிறோம்.