வண்டு விழாத கொண்டைக்கடலை உண்டா?

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பிப்ரவரியில் எங்கள் காட்டில் அறுத்த நாட்டுக் கொண்டைக்கடலையையும், கடையில் வாங்கிய வெள்ளைக் கடலையையும் ஒரே அறையில் சாக்கில் வைத்திருந்தேன். மே மாதம் பார்த்தால் வெள்ளை முழுக்க ஓட்டை. நாட்டுக் கடலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். வண்டே தொடாத ரகம் இருக்கிறதா? வண்டு மாத்திரை போட்டு வைக்கலாமா?"

வண்டு அறவே தொடாத ரகம் இன்றைக்கு விதைக்கடையில் கிடையாது, அம்மா. ஆனால் நீங்கள் பார்த்த வித்தியாசம் உண்மையானது. அது பெரும்பாலும் தோலில் இருக்கிறது.

முட்டை ஒட்டியிருக்கும் ஒரு கடலையை லென்ஸில் பாருங்கள். முட்டை கண்ணாடி மாதிரி இருந்தால் புழு இன்னும் பொரிக்கவில்லை. சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெளுத்திருந்தால் புழு உள்ளே போய்விட்டது. அது முட்டையின் அடிப்பக்கமாகவே தோலைத் துளைத்து இறங்கும். குடைந்த தூளைப் பின்னால் தள்ளும். அந்தத் தூள் முட்டையோட்டில் அடைந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, பொரித்த புழு வெளிக்காற்றையே பார்ப்பதில்லை. அந்த ஊசிமுனை அளவு இடத்தில் தோல் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வெள்ளைக் கடலையின் தோல் மெல்லியது, வழவழப்பானது. தாய் வண்டுக்கு முட்டை ஒட்ட அந்த வழவழப்புதான் பிடிக்கும். நாட்டுக் கடலையோ சொரசொரப்பு, சுருக்கம், மூக்கு வேறு. விதை எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தோலே இருக்கும். துவர்ப்புச் சத்தும் அதிகம். முட்டை குறைவாக விழும், விழுந்ததிலும் எல்லாப் புழுவும் உள்ளே போய்ச் சேராது.

ஆனால் புழு தோலைத் தாண்டிவிட்டால் கடலைக்குப் பெரிய தற்காப்பு இல்லை. ராஜ்மாவில் இதே வண்டு வளராது. மாவுச்சத்தைச் செரிக்கவிடாத ஒரு புரதம் அதில் இருக்கிறது. கடலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வலுவான எதிர்ப்பு கிடைத்தது அதன் காட்டு உறவினங்களில். தென்கிழக்குத் துருக்கியில் விளையும் 'சைசர் எக்கினோஸ்பெர்மம்' அதில் ஒன்று. பெயருக்கே முள்விதை என்றுதான் பொருள். நம் கடலையோடு அதைச் சேர்த்துக் கலப்பினம் எடுக்க முடியும் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள். எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை உண்டு.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? விதைக்கும் வீட்டுக்கும் நாட்டுக் கடலையையே வையுங்கள். ஆனால் வண்டை மட்டும் பார்த்து ரகம் எடுக்காதீர்கள். வாடல் நோய் தாங்காத ரகம் காட்டிலேயே போய்விடும், அப்புறம் வண்டுக்கு என்ன மிச்சம்?

தடித்த தோல் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். கோடைச் சூட்டில் ஒரு தலைமுறை வண்டு ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தாய் எழுபது எண்பது முட்டை இடும். அதனால் அறுத்த கையோடு, கடித்தால் 'டக்'கென்று உடையும் வரை காயவையுங்கள். சூடு ஆறியதும் கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு கடலையிலும் படும்படி புரட்டுங்கள். காற்றுப் புகாத டிரம்மில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பாதி டிரம் வேண்டாம், மிச்சமிருக்கும் காற்றில் வண்டு பிழைத்துக்கொள்ளும். பழைய சாக்கை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். உங்கள் நாட்டுக் கடலைக்கு வண்டு வந்தது அந்த வெள்ளைக் கடலைச் சாக்கிலிருந்தாகவே இருக்கலாம். வெள்ளைக் கடலையைக் கொஞ்சமாக வாங்கி, ஒரு வாரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும்.

மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், அம்மா. அலுமினியம் பாஸ்பைடு ஈரக்காற்று பட்டதும் விஷவாயுவை விடும். ஆள் தூங்கும் வீட்டில் அதை வைத்து உயிர் போயிருக்கிறது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் பிரிக்காமல் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.