கடைசி இரண்டு ஆப்ஷனில் தடுமாறும் தங்கைக்கு

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. நான் பொறியியல் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எம்பிஏ படிக்க ஆசை. ஜிமேட் தேர்வுக்குத் தயாராகிறேன். கணக்கு வந்துவிடுகிறது. ஒரு சின்னப் பத்தியில் இருக்கும் வாதத்தை அலசச் சொல்கிற கிரிட்டிக்கல் ரீசனிங்தான் உயிரை எடுக்கிறது. தினமும் ராத்திரி 30 கேள்வி போடுகிறேன். பத்துக்கு ஆறுதான் சரியாகிறது. மூன்று ஆப்ஷனை அடித்துவிடுவேன். மிஞ்சுகிற இரண்டில் தப்பானதில்தான் கை போகும். விளக்கத்தைப் படித்தால் 'அட, இதுதானே' என்று தோன்றுகிறது. மறுநாளும் அதே கதைதான். பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியம் படித்ததால் இப்படியா? வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் கோச்சிங் சேரட்டுமா?
- பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வேலையை விட வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் மீடியம் காரணமில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. ஐந்து ஆப்ஷனில் மூன்றைச் சரியாக அடிக்கிற ஒருவருக்கு ஆங்கிலம் புரியாமல் இல்லை. விளக்கத்தைப் படித்ததும் விளங்குகிறது என்பதும் அதையே சொல்கிறது. எனக்கு உறுத்துவது வேறொன்று: ராத்திரி 30 கேள்வி. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபின் 30 கேள்வி போட்டால், ஒவ்வொன்றிலும் ஆப்ஷனுக்குத் தாவத்தான் மனம் அவசரப்படும். பத்தியை அரைகுறையாக வாசித்துவிட்டு ஐந்து ஆப்ஷனையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, 'எது நன்றாக ஒலிக்கிறது' என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். தேர்வு வைப்பவர்கள் தப்பான ஆப்ஷனை நன்றாக ஒலிக்கும்படிதான் எழுதுவார்கள். மிஞ்சும் இரண்டில் நீங்கள் தோற்பது அதனால்தான்.

ஒரு மாதத்துக்கு 30-ஐ ஐந்தாகக் குறையுங்கள். கடிகாரத்தையும் ஒதுக்கி வையுங்கள். ஒரு தாளால் ஆப்ஷன்களை மூடிக்கொண்டு பத்தியை மட்டும் வாசியுங்கள். இவர் கடைசியில் என்ன முடிவு சொல்கிறார், அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார் என்பதை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நம் அம்மாக்கள் கேட்கிற கேள்வியைக் கேளுங்கள்: 'அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே எங்கேயோ ஓர் இடைவெளி இருக்கும். அது கண்ணில் பட்டபிறகுதான் தாளை எடுக்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்தே ஒரு கேள்வி உருவாக்கிப் பார்ப்போம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஒருவர் இப்படி வாதிடுகிறார் என்று வையுங்கள்: "தடைக்கு முந்தைய வாரம் துறைமுகத்துக்கு வந்த மீனைவிட, தடை முடிந்த முதல் வாரம் வந்த மீன் பல மடங்கு. ஆகவே இந்த 61 நாளில் கடலில் மீன்வளம் பெருகியிருக்கிறது." இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?

அ) தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் தொடர்ந்து மீன் பிடித்தன.
ஆ) தடைக்காலத்தில் மீன் விலை கூடியது.
இ) தடை முடிந்த வாரம் கடலுக்குப் போன விசைப்படகுகள், தடைக்கு முந்தைய வாரம் போனவற்றைப்போலப் பல மடங்கு.
ஈ) சில மீன் இனங்கள் அந்த மாதங்களில் முட்டையிடுகின்றன.
உ) கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

ஆ, உ இரண்டும் உடனே போய்விடும். ஈ வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது, அதுவும் போகட்டும். மிஞ்சுவது அ, இ. குளச்சல் பக்கத்துப் பிள்ளை யாராவது இதைப் போட்டால் அ-வில் கை போக வாய்ப்பு அதிகம். தடைக்காலத்திலும் வள்ளங்கள் போய் மீன் பிடிப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்படியிருக்க மீன் எப்படிப் பெருகும் என்று தோன்றும். ஆனால் வாதத்தைத் திரும்பப் பாருங்கள். கரைக்கு வந்த மீன் கூடியது என்பது ஆதாரம். கடலுக்குள் இருக்கும் மீன் கூடியது என்பது முடிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது இடைவெளி. நாட்டுப்படகு பிடித்தது போகவும் மீன் பெருகியிருக்கலாமே! அ அந்த இடைவெளியைத் தொடவே இல்லை. இ தொடுகிறது: வலை வீசியவர்கள் கூடியதால் மீன் கூடுதலாக வந்திருந்தால், கடலுக்குள் என்ன நடந்தது என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது.

ஆப்ஷன்களை மூடிவைத்து 'கரைக்கு வந்தது வேறு, கடலில் இருப்பது வேறு' என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் இ தானாக வந்து நிற்கும். சொல்லாமல் போனால் அ, இ இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உங்கள் பத்துக்கு ஆறு பத்துக்கு எட்டாக மாறுவது இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது அஸம்ப்ஷன் கேள்வி, அதாவது வாதம் சொல்லாமல் நம்பியிருப்பதைக் கேட்பது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு, அதை விடாமல் செய்யுங்கள். உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மரத்தில் வெட்டுகிற இடம் மழையில் நனையாமல் காக்கிற மறைப்புதான் ரெயின் கார்டு. "ரெயின் கார்டு போட்ட ரப்பர் தோட்டங்களில், மழைக்காலத்தில் பால்வெட்டு நடக்கிற நாட்கள் அதிகம். ஆகவே நம் மரங்களுக்கும் ரெயின் கார்டு போட்டால் லாபம் கூடும்" என்று அப்பா சொல்கிறார். அவர் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருப்பது எது? 'ரெயின் கார்டுக்கும் வெட்டுக்கூலிக்கும் ஆகிற செலவு, கூடுதலாகக் கிடைக்கும் பாலின் வரவை விழுங்கிவிடாது' என்பது ஓர் ஆப்ஷன். 'லாபத்தைக் கூட்ட ரெயின் கார்டு ஒன்றுதான் வழி' என்பது இன்னொன்று. இரண்டையும் மறுத்துப் பாருங்கள். செலவு வரவை விழுங்கிவிடும் என்றால் அப்பாவின் வாதம் அங்கேயே விழுந்துவிடும். வேறு வழிகளும் உண்டு என்றால்? இருந்துவிட்டுப் போகட்டும், ரெயின் கார்டாலும் லாபம் கூடலாம். வாதத்துக்கு ஒரு கீறலும் இல்லை. மறுத்தால் எது வாதத்தைச் சாய்க்கிறதோ அதுதான் விடை. 'ஒன்றுதான்', 'எல்லாமே', 'ஒருபோதும்' என்று அளவுக்கு மீறிப் பேசுகிற ஆப்ஷன்கள் இந்த வகையில் பெரும்பாலும் இப்படித்தான் கழியும். ஆனால் அந்தச் சொற்களைக் கண்டதுமே அடித்துவிடாதீர்கள், மறுத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். பலவீனப்படுத்து என்று கேட்கிற கேள்வியில் அதே கடுமையான சொல் சரியான விடையிலேயே இருக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரப்பரைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும்: விலை எப்படி இறங்கும், ஒட்டுப்பாலுக்கு என்ன கிடைக்கும், மரம் இலை உதிர்க்கும்போது வெட்டு ஏன் நிற்கும் என்பதெல்லாம். தேர்வில் இந்த அறிவு காலை வாரும். பத்தியில் சொன்னது மட்டுமே அங்கே உண்மை. ஆப்ஷன் சொல்வதையும் உண்மை என்று வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும். 'நிஜத்தில் அப்படி நடக்காதே' என்று மனம் சண்டைக்குப் போனால், அப்போதே பத்திக்குத் திரும்பிவிடுங்கள்.

பத்தியிலிருந்து எதை நிச்சயமாக முடிவு செய்யலாம் என்று கேட்கிற இன்ஃபரன்ஸ் கேள்வியில் இது இன்னும் கூர்மையாக வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதத்தில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் நம் மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். 'ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்கிற மாவட்டமும் கன்னியாகுமரிதான்' என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் நம் ஊர்க்காரருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் விகிதம் வேறு, எண்ணிக்கை வேறு. நம் மக்கள்தொகை அப்போது 19 லட்சத்துக்கும் கீழே. சென்னைக்கு 46 லட்சத்துக்கும் மேலே. சதவீதத்தைச் சொல்லி எண்ணிக்கைக்குத் தாவுவது ஜிமேட்டில் திரும்பத் திரும்ப வரும். அதேபோல, இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தால் ஒன்றால் மற்றது நடந்தது என்று சொல்வதும் வரும். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தலைகீழாக இருக்குமோ, மூன்றாவது ஒன்று இரண்டையும் நடத்தியிருக்குமோ, தற்செயலோ. முரண்பாட்டை விளக்கும் கேள்வியும், தடித்த எழுத்து வாக்கியத்தின் வேலையைக் கேட்கும் கேள்வியும் இருக்கின்றன. முடிவையும் ஆதாரத்தையும் பிரிக்கப் பழகிவிட்டால் அவை தனியாகப் பாடுபடுத்தாது.

நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். தப்பான கேள்விக்கு எதிரே விளக்கத்தைப் பார்த்து எழுதாதீர்கள். அது வேறொருவரின் யோசனை. 'அ என்னை ஏன் இழுத்தது' என்று உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள். 'முடிவையே தப்பாகப் பிடித்தேன்', 'எனக்குத் தெரிந்த விஷயத்தை உள்ளே கொண்டுவந்தேன்', 'சில என்பதைப் பெரும்பாலும் என்று வாசித்தேன்', இப்படி. சரியாகப் போட்டதிலும், இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். சில வாரத்தில் உங்கள் தவறுகள் இரண்டு மூன்று வகைக்குள் அடங்குவது தெரியும். எந்தக் கோச்சிங் சென்டரும் உங்களுக்காக அந்தப் பட்டியலைத் தயாரித்துத் தர முடியாது. பத்து நாள் கழித்து, பழைய தப்புகளை விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். விடை ஞாபகம் இருந்தால் பரவாயில்லை. மற்ற நான்கும் ஏன் தப்பு என்று சொல்ல வருகிறதா என்பதுதான் கணக்கு.

கேள்விகளை எங்கிருந்து எடுப்பது என்பதில் கறாராக இருங்கள். தேர்வு நடத்துகிற ஜிமேக் அமைப்பின் அஃபிஷியல் கைடுதான் முதல் புத்தகம். அவர்களுடைய எம்பிஏ டாட் காம் தளத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் இலவசம்; அவற்றை இப்போதே தீர்த்துவிடாமல் கடைசி வாரங்களுக்கு வையுங்கள். கைடு தீர்ந்தபிறகு, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வின் பழைய லாஜிக்கல் ரீசனிங் கேள்விகளைப் போடலாம். கொஞ்சம் கடினம், ஆனால் நேர்த்தியாக எழுதப்பட்டவை. யார் எழுதியது என்றே தெரியாமல் சுற்றுகிற பிடிஎஃப்களைத் தொடாதீர்கள். அவற்றில் சரியான விடையே சந்தேகமாக இருக்கும். இரண்டு ஆப்ஷனில் தடுமாறுகிற உங்களை அது இன்னும் குழப்பும்.

யாராவது அக்கா அண்ணன் பழைய புத்தகம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தேர்வு மாறிவிட்டது என்பது நினைவிருக்கட்டும். 2023 நவம்பரில் புது வடிவம் வந்தது. வெர்பல் என்கிற மொழிப் பகுதியில் இருந்த, வாக்கியத்தைத் திருத்தச் சொல்கிற சென்டன்ஸ் கரெக்ஷன் இப்போது இல்லை. நீண்ட பத்தியை வாசித்துப் பதில் சொல்கிற ரீடிங் காம்ப்ரிஹென்ஷனும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டும்தான், 45 நிமிடத்தில் 23 கேள்வி. உங்களுக்குத் தொல்லை தரும் பகுதியின் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது. அதனால் இந்த ஒரு மாதம் வீண் போகாது. மதிப்பெண் அளவும் 205 முதல் 805 என்று மாறிவிட்டது. முன்பு எழுதியவர்களின் 700-ஐயும் உங்கள் மாக் டெஸ்ட் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்து மனம் தளராதீர்கள். இரண்டும் வேறு அளவுகோல்.

கடிகாரத்தை இரண்டாவது மாதம் எடுங்கள். சராசரியாக ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அப்போது தாள் மூடுகிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். திரையில் மூட முடியாது என்றாலும் கண்ணை ஆப்ஷனுக்கு விடாமல் ஒரு மூச்சு நிறுத்த முடியும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், நேரம் மிச்சமிருந்தால் மூன்று விடைகள்வரை மாற்றலாம் என்று புது வடிவத்தில் ஒரு வசதி உண்டு. இரண்டில் ஒன்று என்று இழுபறியாகிற கேள்வியைக் குறித்துவைத்துவிட்டு நகர இது உதவும். எந்தக் கேள்வியையும் விடையில்லாமல் விடாதீர்கள். முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும்.

ராத்திரிக்குப் பதில் விடியற்காலை ஐந்து கேள்வி போட முடியுமா பாருங்கள். அப்பா பால்வெட்டுக்கு எழுகிற நேரத்தில் வீடு எப்படியும் விழித்துவிடும். தேர்வுத் தேதியை இப்போது பதிவு செய்ய வேண்டாம். நேரம் வைத்துப் போடுகிற செட்களில் தொடர்ந்து பத்துக்கு எட்டு வரட்டும், பிறகு பதிவு செய்யுங்கள். வீட்டிலிருந்தே எழுதுகிற வசதி இருக்கிறது. ஆனால் குலசேகரத்து மழையும் கரண்டும் உங்களுக்கே தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேர்வு மையத்துக்குத்தான் போவேன். முதல் தடவை சரியாக வராவிட்டால் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். எனவே இந்த வருடமே கல்லூரியில் சேர முடியாமல் போனாலும் உழைப்பு கையில் இருக்கும்.

முதல் மாத நோட்டில் எந்த வகைத் தவறு அதிகம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.