ஒளியும் மின்காந்த அலைகளும்: கேள்வி பதில்

ரேடியோ அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா எல்லாமே ஒரே வகை அலைதான், மின்காந்த அலை. எது எதில் புகும், எதைச் சூடாக்கும், எது ஆபத்து என்று கேட்டால் முதலில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று அலைநீளம்: 300ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் மீட்டரில் வரும். மற்றது ஒரு ஃபோட்டானின் (அலை சுமக்கும் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலம்) ஆற்றல்: 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் (மிகச் சிறிய ஆற்றல் அலகு) வரும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கணக்குகளில்தான் நிற்கின்றன.

கேள்வி: ஒலி என்றால் காற்று அலைகிறது, கடலில் தண்ணீர் அலைகிறது. ஒளியில் எது சார் அலைகிறது? பையன் கேட்கிறான், பதில் சொல்லத் தெரியவில்லை.

மின்புலமும் காந்தப்புலமும். ஒன்று மாறும்போது மற்றது பிறக்கிறது, அது மாறும்போது முந்தையது மீண்டும் பிறக்கிறது. சுமந்து செல்ல ஒரு பொருள் தேவையே இல்லை. அப்படிச் சுமக்க 'ஈதர்' என்று ஒன்று இருந்தாக வேண்டும் என நம்பித் தேடியவர்கள்தான் மைக்கல்சனும் மோர்லியும். 1887இல் அவர்கள் செய்த சோதனையில் அதன் சுவடே தென்படவில்லை. அதற்கு முன்பே மேக்ஸ்வெல், மேசைமேல் மின்னூட்டத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து கிடைத்த மாறிலிகளிலிருந்து ஒரு வேகத்தைக் கணக்கிட்டார். அது ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனது. விளக்கே ஏற்றாமல் ஒளியின் வேகம் கிடைத்தது என்று பையனிடம் சொல்லுங்கள், நிச்சயம் மனதில் நிற்கும்.

கேள்வி: பழைய சிடியை வைத்து நிறமாலைக் காட்டி செய்தோம். வானவில் மாதிரி ஒரு மங்கலான பட்டைதான் தெரிகிறது. சிஎஃப்எல் விளக்கில் தனித்தனிக் கோடுகள் தெரியும் என்கிறார்களே?

கோடுகள் கட்டாயம் தெரிய வேண்டும். தெரியாததற்குப் பெரும்பாலும் ஒளி நுழையும் பிளவுதான் காரணம். கத்தரியால் அட்டையில் வெட்டிய பிளவு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது, ஓரமும் பிசிறாக இருக்கும். சவர பிளேடைப் பாதியாக உடைத்து, இரண்டு கூர்முனைகளையும் எதிரெதிராக வைத்து, நடுவில் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். சாதாரண எழுதும் தாள் இரண்டை இடையில் செருகி அளவு பிடித்தால் சரியாக இருக்கும்.

நிறங்களைப் பிரிப்பது சிடியின் நெருக்கமான நுண்கோடுகள் (தடங்கள்); இப்படிப்பட்ட தகட்டுக்குக் கீற்றணி என்று பெயர். ஒளியை எதிரொளிப்பதை விட, ஒளி ஊடுருவும் கீற்றணிதான் கையாள எளிது. எழுதக்கூடிய சிடி ஒன்றின் மேல்பக்கத்தைப் பிளேடால் லேசாகக் கீறி, அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்தால் வெள்ளிப் படலம் உரிந்து வந்துவிடும். மீதமிருக்கும் சாயத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுங்கள். வட்டின் வெளி ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் துண்டு போதும், அங்கேதான் தடங்கள் ஏறக்குறைய நேராக இருக்கும். அந்தத் தடங்களும் பிளவும் ஒரே திசையில், இணையாக இருக்க வேண்டும். பத்து டிகிரி திரும்பினாலும் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும்.

அடுத்தது பெட்டியின் அகலம். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர். துண்டுக்கும் பிளவுக்கும் 25 சென்டிமீட்டர் தூரம் என்றால், பிளவிலிருந்து பக்கவாட்டில் சிஎஃப்எல்லில் உள்ள பாதரசத்தின் நீலக் கோடு (436 நானோமீட்டர்) 7.1 சென்டிமீட்டரிலும், பச்சைக் கோடு (546) 9.1இலும், சிவப்புக் கோடு (611, இது விளக்கின் உட்பூச்சில் உள்ள யூரோப்பியம் என்ற தனிமம் தருவது) 10.3இலும் தெரியும். பிளவைப் பெட்டியின் நடுவில் வைத்தால் சிவப்பு சுவருக்கு வெளியே போய்விடும். ஆகவே பிளவை ஓர் ஓரமாக வையுங்கள், ஒரு பக்கம் 13 சென்டிமீட்டராவது இருக்கட்டும். இந்த மூன்று தூரங்களிலும் ஊசியால் துளையிட்டால் அதுவே அளவுகோல். உள்ளே முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள்.

வெள்ளை எல்இடியைப் பார்த்தால் கோடு இருக்காது. 450 அருகே நீல மேடு, பிறகு ஒரு பள்ளம், பிறகு அகலமான மஞ்சள் மேடு. அது விளக்கின் இயல்பு, கருவியின் பிழை அல்ல. சூரியனை நேரே பார்க்கவே கூடாது. வெயில் படும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பிளவைத் திருப்பினால் போதும்.

கேள்வி: சிவப்பு லேசரைச் சிடியில் செங்குத்தாக அடித்தேன். 50 செ.மீ. தள்ளி இருந்த அட்டையில் நடுப்புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 22.2 செ.மீ. கணக்குப் போட்டால் 710 நானோமீட்டர் வருகிறது. லேசரில் 650 என்றுதான் போட்டிருக்கிறது. லேசர் போலியா?

லேசர் சரி, உங்கள் அளவும் பிரமாதம். கணக்கில்தான் குறுக்குவழி எடுத்துவிட்டீர்கள். 22.2ஐ 50ஆல் வகுத்து 1.6ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். வகுத்து வந்த 0.444 என்பது கோணத்தின் டேன், சூத்திரம் கேட்பது சைன். கோணம் சிறிதாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், பாடப்புத்தகச் சோதனைகளில் பிளவுகள் அகலமானவை என்பதால் அது செல்லும். சிடியின் தடங்கள் மிக நெருக்கம், கோணம் 24 டிகிரி வரை போகிறது. 0.444க்கு உரிய கோணத்தின் சைன் 0.406. அதை 1.6ஆல் பெருக்குங்கள், 650 நானோமீட்டர் வரும்.

சரிபார்க்க இரண்டாவது புள்ளியையும் தேடுங்கள். அது சுமார் 70 சென்டிமீட்டரில் இருக்கும், அட்டை பெரிதாக வேண்டும். இரண்டு பக்கப் புள்ளிகளும் சம தூரத்தில் இல்லையென்றால் ஒளி செங்குத்தாக விழவில்லை என்று பொருள். திரும்பி வரும் நடுப்புள்ளி லேசரின் வாய்மேலேயே விழும்வரை சிடியைத் திருப்புங்கள்.

லேசர் 1 மில்லிவாட்டுக்குள் இருக்கட்டும். மலிவான பச்சை லேசரைத் தவிர்த்துவிடுங்கள். அதன் 532 நானோமீட்டர் ஒளி 1064 நானோமீட்டர் அகச்சிவப்பிலிருந்து உருவாக்கப்படுகிறது. வடிகட்டி வைக்காத கருவிகளில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியும் சேர்ந்தே வரும், சிடி அதையும் எங்காவது திருப்பிவிடும்.

கேள்வி: மைக்ரோவேவ் கதவில் இத்தனை ஓட்டை இருக்கிறதே, அலை வெளியே வராதா? உள்ளே போனை வைத்து ரிங் கொடுத்துப் பார்த்தேன், அடிக்கிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

பயப்பட வேண்டாம்மா. அடுப்பின் அலைநீளம் 12.2 சென்டிமீட்டர், கதவுச் சல்லடையின் துளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். துளை அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் அந்த அலைக்கு அது முழுத் தகடு மாதிரிதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அந்தத் துளையைவிடச் சுமார் இரண்டாயிரம் மடங்கு சிறியது, அதனால் உள்ளே இருக்கும் குழம்பு தெரிகிறது. ஊட்டி ரேடியோ தொலைநோக்கியும் இதே சங்கதிதான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள அதன் எதிரொளிப்பானில் தகடே கிடையாது, 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் மட்டுமே. அது 326.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது 92 சென்டிமீட்டர் அலையில் கேட்கிறது. சில சென்டிமீட்டர் இடைவெளி அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை.

போன் சோதனை தவறான சோதனை. அடுப்பின் சுவர் அலையை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், மிச்சத்தை வைத்தே போனால் பேச முடியும், அதன் காது அவ்வளவு கூர்மை. கவனிக்க வேண்டியது கதவின் விளிம்பு. கீல் தளர்ந்திருந்தாலோ, கதவு கோணலாக மூடினாலோ, சல்லடை கிழிந்திருந்தாலோ பயன்படுத்தாதீர்கள். ஓடும்போது வீட்டு வைஃபை தடுமாறினால் இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பதே காரணம், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் அப்பளத்தை வைத்து ஒளியின் வேகம் கண்டுபிடிக்கும் சோதனையில், பொரிந்த இடங்களுக்கு இடையே 4.5 செ.மீ. கிடைத்தது. விநாடிக்கு 2.2 லட்சம் கி.மீ.தான் வருகிறது. எங்கே தப்பு?

முதலில் செய்முறையைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். சுழல்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் அச்சின்மேல் அது தொடாதபடி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வையுங்கள். பொரிக்காத அப்பளங்களைத் தட்டு நிறையப் பரப்புங்கள். 15 விநாடியிலிருந்து எட்டிப் பாருங்கள், முதலில் சில இடங்கள் மட்டும் வெளுத்துப் பொங்கும். உடனே நிறுத்துங்கள். அதன்பின் இன்னும் பத்து விநாடி ஓடவிட்டால் எல்லாம் பொரிந்து, அளக்க ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தடுத்த சூடான இடங்களுக்கு இடையே அரை அலைநீளம், 6.1 சென்டிமீட்டர் என்பது எளிமையாக்கிச் சொல்வது. அடுப்புக்குள் பல நிலையலைகள் (நகராமல் நின்ற இடத்திலேயே ஆடும் அலைகள்) ஒரே நேரத்தில் இருக்கின்றன. சுவருக்கு இணையான வரிசையில், ஒரே நிலையலையின் இரண்டு மேடுகள் 6.1க்குக் குறைவாக நெருங்க முடியாது. 4.5 வந்தால் நீங்கள் ஒரு நிலையலையின் மேட்டிலிருந்து வேறொன்றின் மேட்டுக்கு அளந்திருக்கிறீர்கள். சுவருக்கு இணையாக, சம இடைவெளியில் மூன்று இடங்களாவது திரும்ப வரும் வரிசையைத் தேடுங்கள். அப்படியும் விடை சற்றுக் கூடுதலாக வரலாம். இது மதிப்பீடுதான், துல்லியம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: 5ஜி கோபுரம் எங்கள் தெருவில் வருகிறது. கதிர்வீச்சு புற்றுநோய் தரும் என்கிறார்கள். அதே ஆட்கள் வீட்டில் கொரோனா காலத்து புற ஊதா விளக்கை இன்னும் போடுகிறார்கள்.

கடைசி வாக்கியம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒரு ஃபோட்டானுக்கு 0.0000145 எலக்ட்ரான் வோல்ட். உடலிலுள்ள கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க ஏறக்குறைய 3.6 வேண்டும், அதாவது இரண்டரை லட்சம் மடங்கு. கோபுரத்தின் திறனைக் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றின் பலம் கூடாது. அவை செய்யக்கூடியதாக நன்கு நிறுவப்பட்டது சூடாக்குவது மட்டும்தான். அதற்காகத்தான் இந்தியாவில் கைபேசிகளுக்கு ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு இருக்கிறது. *#07# அழுத்தினால் உங்கள் போனின் அளவு தெரியும்.

கிருமி கொல்லும் விளக்கு 253.7 நானோமீட்டர், ஃபோட்டானுக்கு 4.9 எலக்ட்ரான் வோல்ட். மரபணுவைச் சிதைக்க அது போதும், கிருமியை அது கொல்வதே அப்படித்தான். வெளியே தெரிவது வெளிர்நீல மினுக்கு மட்டும், சூடும் தெரியாது. சில நிமிடங்கள் பார்த்தாலே சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தது போல் எரியும். அறையில் ஆள் இருக்கும்போது போடவே கூடாது. இதை அவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குறைந்த அலைநீளம் அதிகம் சிதறும் என்றால் வானம் ஏன் ஊதாவாக இல்லை?

400 நானோமீட்டர் ஒளி 700ஐ விட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறுகிறது, உண்மைதான். ஆனால் சூரிய ஒளியில் நீலத்தைவிட ஊதா குறைவு, நம் கண்ணும் 400 அருகே மந்தம். சிதறி வரும் கலவையைக் கண் வெளிர் நீலமாக எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு சொல் குழப்பம். பாடநூல் சொல்லும் ஊதா நிறமாலையின் ஓரத்தில் உள்ள தனி அலைநீளம். கடையில் ஊதாப் புடவை என்று காட்டுவது பெரும்பாலும் கத்தரிப்பூ நிறம், அது சிவப்பும் நீலமும் கலந்தது. அந்தக் கலவைக்கு நிறமாலையில் இடமே இல்லை. மாணவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ரிமோட் கெட்டதா டிவி கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

ரிமோட்டின் முனையைப் போன் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். 940 நானோமீட்டர் ஒளி திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாக மினுக்கும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள், பல போன்களில் அங்கே அகச்சிவப்பு வடிகட்டி வலுக்குறைவு. மினுக்கினால் கோளாறு பெரும்பாலும் டிவியின் உணரியில். எந்தப் பொத்தானுக்கும் மினுக்கவில்லை என்றால் பேட்டரி முனையில் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: செங்கல்பட்டில் இருக்கிறேன். சென்னை 101.4 எஃப்எம் இரைச்சலோடுதான் கேட்கிறது. ஆன்டெனா வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. 300ஐ 101.4ஆல் வகுத்தால் 2.96 மீட்டர், அதில் பாதி 1.48. கம்பியின் முனை விளைவுக்காக ஐந்து சதவீதம் கழித்தால் 1.41, ஆக இரண்டு கம்பித் துண்டுகள் (ஆன்டெனாவின் கைகள்), ஒவ்வொன்றும் 70 சென்டிமீட்டர். இரண்டு கைகளையும் ஒரே கோட்டில், நடுவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, காய்ந்த பிவிசி குழாயில் கட்டுங்கள். கேபிள் டிவியின் ஆர்ஜி-6 வயரே போதும், அதன் 75 ஓம் இந்த ஆன்டெனாவின் 73 ஓமுக்கு நன்றாகப் பொருந்தும். வயரின் நடுக்கம்பி ஒரு கைக்கு, அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல் மறு கைக்கு. இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒன்றும் கேட்காது, பலர் தவறுவது இங்கேதான்.

கைகள் சென்னையை நோக்கி நீட்டியிருக்கக் கூடாது, அந்தத் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இரும்புக் கம்பியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, முடிந்தவரை உயரத்தில். அப்படியும் இரைச்சல் இருந்தால் வீட்டு எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், மட்டமான ஒரே ஒரு பல்பின் மின்சுற்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சென்னை மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸுக்கு இந்த வழி ஆகாது, அலைநீளம் 417 மீட்டர். அதற்கு ரேடியோவுக்குள் இருக்கும், கம்பிச்சுருள் சுற்றிய ஃபெரைட் (காந்தப்பொருள்) தண்டுதான். தண்டின் முனை சென்னையைக் காட்டினால் ஒலி மங்கும், ரேடியோவைக் கால்வட்டம் திருப்பினால் தெளியும்.