எட்டாயிரம் வெள்ளிக்குக் கிராணி வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்களைப் பற்றியவை. மலேசியாவில் கட்சி எங்கே முடிகிறது, அரசாங்கம் எங்கே தொடங்குகிறது என்பதில் நம்மவர்களுக்கு உள்ள குழப்பத்தை வைத்தே சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

ஐயா, என் மகன் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துக் கடையில் நிற்கிறான். எங்கள் கிளைத் தலைவர், "புத்ராஜெயாவில் நமக்கு ஆள் இருக்கு. எட்டாயிரம் வெள்ளி கொடுத்தால் கிராணி (எழுத்தர்) வேலை உறுதி" என்றார். நகையை அடகு வைத்து மூவாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது மீதியைக் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தாயார், பிறை

கொடுக்காதீர்கள் அம்மா. இனி ஒரு காசுகூட வேண்டாம்.

மத்திய அரசாங்கத்தின் கிராணி வேலைக்கு ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையம், அதாவது எஸ்.பி.ஏ. கூட்டரசு அரசியலமைப்பின் 139ஆவது பிரிவின்படி அமைந்தது அது. இணையத்தில் பதிவு, தேர்வு, நேர்முகம், அதன் பிறகு பின்னணிச் சோதனை, மருத்துவச் சோதனை. எந்தக் கட்டத்திலும் கிளைத் தலைவருக்கு நாற்காலி கிடையாது. பதிவுக்கும் கட்டணம் இல்லை.

இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது தெரியுமா? பத்துப் பேரிடம் பணம் வாங்குவார்கள். அதில் ஒருவரோ இருவரோ சொந்தத் தகுதியில் தேறிவிடுவார்கள். "பார்த்தாயா, நான்தான் போட்டுக் கொடுத்தேன்" என்று அவர்களை ஊருக்கே காட்டுவார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் "அடுத்த இன்டேக்கில் பார்க்கலாம்" என்ற பதில்தான். அவர்கள் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. முதலே போடாமல் லாபம்.

உள்ளே உண்மையிலேயே ஆள் இல்லையென்றால் இது ஏமாற்று. தண்டனைச் சட்டம் 420: ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். ஆள் இருந்தால் அது லஞ்சம். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009இன் 16, 24 பிரிவுகளின்படி 20 ஆண்டு வரை சிறை, வாங்கிய தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். கேட்டவர் அரசாங்க ஊழியராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். லஞ்சம் என்று வந்துவிட்டால் கொடுத்தவரும் அதே சட்டத்துக்குள் வருகிறார். தவிர, லஞ்சம் கேட்கப்பட்டவர் கூடிய விரைவில் புகார் செய்யாவிட்டால் அதுவே 25ஆவது பிரிவின்படி தனிக் குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைக் கையோடு அழைத்துக்கொண்டு நீங்களே முந்திப் போங்கள். ஊழல் தடுப்பு ஆணையத்தின் இலவச எண் 1-800-88-6000. வாட்சாப் உரையாடல், பணம் மாற்றிய ரசீது, அடகுச் சீட்டு, எதையும் அழிக்காதீர்கள். "பணத்தைத் திருப்பித் தந்தால் புகாரை விட்டுவிடுகிறேன்" என்று அவருக்கு எழுதியும் தொலைக்காதீர்கள். நாளைக்கு அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். சிவில் வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்பதும் லேசானதல்ல. சட்டவிரோத நோக்கத்துக்குச் செய்த ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி செல்லாது.

கட்சித் தலைமையகத்துக்கும் எழுதுங்கள், ஆனால் இரண்டாவதாக. முதலில் அங்கே எழுதினால் "உட்கட்சி விவகாரம், நாங்கள் பேசி முடிக்கிறோம்" என்று ஆறு மாதம் ஓட்டுவார்கள்.

மகனுக்கு ஒன்று: எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நிரந்தரக் கிராணி வேலை கிடையாது. இல்லையென்றால் மலாய் மொழித் தாளை மட்டும் திரும்ப எழுத வழி இருக்கிறது. எட்டாயிரத்தில் ஒரு சின்னப் பகுதி டியூஷனுக்குப் போதும்.

ஒய்.பி.யிடம் (மக்கள் பிரதிநிதி) ஆதரவுக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வைத்தால் தப்பா? எல்லாரும்தானே வாங்குகிறார்கள்? – செந்தூல் வாசகர்

கடிதம் வாங்குவது மட்டுமே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "இவரை எனக்குத் தெரியும், குடும்ப வருமானம் குறைவு" என்று சமூகநல உதவிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் எழுதினால் அது அவர் வேலை. நேர்முகத் தேர்வுக்கு அதைக் கொண்டுபோவது வீண். சமயத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சலும் வரும்.

நீங்கள் ஏற்கெனவே அரசாங்க ஊழியராக இருந்து, பதவி உயர்வுக்கோ இடமாற்றத்துக்கோ கடிதம் வாங்கினால் கதையே வேறு. அரசாங்க அதிகாரிகள் (நடத்தை, ஒழுங்கு) விதிகள் 1993இன் 4ஆவது விதி, பொதுச் சேவை தொடர்பான கோரிக்கைக்கு வெளியார் செல்வாக்கையோ அழுத்தத்தையோ கொண்டுவருவதைத் தடை செய்கிறது. உங்களுக்காக என்றாலும் சரி, சக ஊழியருக்காக என்றாலும் சரி. ஒய்.பி. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார், ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

நான் அரசாங்க இலாகாவில் பெலக்சானா (செயலாக்க) பிரிவில் இருக்கிறேன். கட்சிக் கிளைச் செயலாளர் ஆகலாமா? – கோலாலம்பூர்

முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கினால் உங்கள் பிரிவினருக்கு வழி உண்டு. மேலே சொன்ன 1993 விதிகளில் 21ஆவது விதியைப் படியுங்கள். உங்கள் மேலதிகாரி, அதாவது நிர்வாக, நிபுணத்துவப் பிரிவினர், தீவிர அரசியலில் இறங்கவே கூடாது. கட்சிச் சின்னம் அணிவதும் தடை. சாதாரண உறுப்பினராகச் சேர்ந்தாலும் இலாகாத் தலைவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

எங்கள் கிளைத் தேர்தலில் நாங்கள் கண்ணால் பார்த்திராத உறுப்பினர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். தலைமையகத்துக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். – ஆயர் ஈத்தாம்

போவதற்கு முன் இரண்டு காகிதத்தைப் படியுங்கள்: சங்கங்கள் சட்டம் 1966, உங்கள் கட்சியின் அமைப்பு விதி.

சட்டத்தின் 18சி பிரிவு, கட்சி விவகாரங்களில் கட்சி எடுக்கும் முடிவே இறுதி, எந்த நீதிமன்றத்திலும் அதை எதிர்க்க முடியாது என்கிறது. உங்கள் ஊர் நாசி கண்டார் கடைக்காரர்கள் சங்கத்துக்குக்கூட இப்படி ஒரு கவசம் இல்லை. அரசியல் கட்சிகளுக்கு மட்டும்தான். நாட்டுக்கே ஜனநாயகம் போதிப்பவர்கள் தங்கள் வீட்டுக்குள் நீதிபதியை விட மறுப்பது எனக்கு என்றுமே உறுத்தல்தான். இந்தப் பிரிவை எடுத்தெறிய வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது கட்சி விதி. உட்கட்சி மேல்முறையீட்டை முடிக்காமல் நீதிமன்றம் போனால் உறுப்பியம் தானாகப் பறிபோகும் என்று சில கட்சிகள் எழுதி வைத்திருக்கின்றன. ம.இ.கா.வில் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) நடந்தது நினைவிருக்கும். 2013ஆம் ஆண்டுக் கட்சித் தேர்தலைத் திரும்ப நடத்தச் சொன்னது சங்கப் பதிவிலாகா. அதை எதிர்த்து நீதிமன்றம் போன தேசியத் தலைவர் பழனிவேலுவே உறுப்பியத்தை இழந்துவிட்டார் என்று எதிரணி கட்சி விதியைக் காட்டியது. 2015இல் டாக்டர் சுப்பிரமணியத்தை இடைக்காலத் தலைவராகப் பதிவிலாகா ஏற்றுக்கொண்டது. தேசியத் தலைவருக்கே அந்தக் கதியென்றால் கிளை உறுப்பினர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் வாசல் சங்கப் பதிவிலாகாதான். ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி) 2012 டிசம்பரில் உங்கள் பினாங்கில்தான் மத்திய செயலவைத் தேர்தலை நடத்தியது. எண்ணிக்கையில் பிழை வெளிப்பட்டு முடிவு மாறியது. பதிவிலாகா தலையிட, 2013 செப்டம்பரில் மறுதேர்தல், 2017 நவம்பரில் இன்னொரு தேர்தல். பதிவிலாகா எல்லா நேரத்திலும் நடுநிலையாக இருந்ததா என்பது வேறு விவாதம். ஆளுங்கட்சிக்கு ஒரு வேகம், எதிர்க்கட்சிக்கு ஒரு வேகம் என்ற குற்றச்சாட்டு பல காலமாக உண்டு.

புகாரில் "மோசடி நடந்தது" என்று பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எந்த மண்டபத்தில், வருகைப் பதிவில் எத்தனை கையெழுத்து, உறுப்பினர் பட்டியலில் எந்தெந்தப் பெயர் முந்தைய ஆண்டு இல்லை, கட்சி விதியின் எந்தப் பிரிவு மீறப்பட்டது: இந்த வரிசையில் எழுதுங்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்குக் கணக்கோடு ஆண்டறிக்கை போக வேண்டும் என்பது 14ஆவது பிரிவு. உறுப்பினர் என்ற முறையில் கூட்டத்தில் எழுந்து கணக்கைக் கேளுங்கள். கட்சி நன்கொடையைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் இந்நாட்டில் நான் இதை எழுதும் வரை இல்லை. வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு (நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் வெள்ளி, சட்டமன்றத்துக்கு 1 லட்சம்), கட்சிக்குக் கிடையாது. மண்டபம் நிறைய மேசை போட்டு நடத்தும் விருந்தின் கணக்கைக் கேட்க உங்களைப் போன்றவர்களை விட்டால் ஆளில்லை.

கட்சி தாவினால் பதவி போகும் என்றார்களே, எங்கள் ஒய்.பி. தாராளமாகத் திரிகிறாரே? – பட்டர்வொர்த்

அவராக விலகினாரா, கட்சி நீக்கியதா என்று பாருங்கள். 2022 அக்டோபரில் அமலுக்கு வந்த, கூட்டரசு அரசியலமைப்பின் 49ஏ பிரிவின்படி, நீக்கப்பட்டவருக்குப் பதவி போகாது. அது நாடாளுமன்றத்துக்கு. உங்கள் மாநிலம் 2012லேயே சொந்தமாகத் தாவல் தடை போட்டது. அது செல்லும் என்று 2022இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன பிறகு, 2023 மார்ச்சில் நான்கு தொகுதிகள் காலியாயின.

என்னிடம் அசிங்கமாக நடந்துகொண்ட அதிகாரி மீது புகார் கொடுத்தேன். "நடவடிக்கை எடுத்தாயிற்று" என்றார்கள். விசாரித்தால் வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்களாம். இதுதான் தண்டனையா? – செராஸ்

இல்லை சகோதரி. 1993 விதிகளில் 38ஆவது விதி சொல்லும் தண்டனைகள் எச்சரிக்கை, அபராதம், ஊதியப் பறிமுதல், சம்பள உயர்வு தள்ளிவைப்பு, சம்பளக் குறைப்பு, பதவியிறக்கம், பணிநீக்கம். இடமாற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. விசாரணைக்கு இடைஞ்சல் வராமலிருக்க மாற்றியிருந்தால் சரி. அத்தோடு கோப்பை மூடிவிட்டால், பிரச்சினையை இன்னொரு இலாகாவுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தாமதம் முழுவதும் சதி என்றும் எண்ணிவிடாதீர்கள். பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யுமுன் அவருக்குத் தற்காப்பு வாதம் வைக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது அரசியலமைப்பின் 135ஆவது பிரிவு. எழுத்தில் பதில் தர 21 நாள். இதைத் தவறவிட்ட இலாகாக்கள் நீதிமன்றத்தில் தோற்று, ஆளைச் சம்பள பாக்கியோடு திரும்ப எடுக்க நேரும்.

இலாகாத் தலைவருக்கு இப்படி எழுதுங்கள்: "என் புகார் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்தின் முன் வைக்கப்பட்டதா, எந்தத் தேதியில், எந்த முடிவோடு கோப்பு மூடப்பட்டது?" நகலைத் தலைமை ஒருமைப்பாட்டு அதிகாரிக்கும் அனுப்புங்கள். உங்களிடம் அப்படி நடந்துகொண்டவர் போலீஸ்காரர் என்றால் 2023 ஜூலையிலிருந்து ஐ.பி.சி.சி. என்னும் போலீஸ் நடத்தை ஆணையம் தனியாக இருக்கிறது. அந்த ஆணையத்தால் நேரடியாகத் தண்டிக்க முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். 2005இல் அரச விசாரணை ஆணையம் கேட்டது இதைவிடப் பல்லுள்ள அமைப்பை.

உங்களுக்கு நேர்ந்தது பாலியல் தொல்லை என்றால் 4ஏ விதி இருக்கிறது. அதோடு, பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022இன் கீழ் தீர்ப்பாயம் நடக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, 2,50,000 வெள்ளி வரை இழப்பீடு உத்தரவிடலாம். கட்சி அலுவலகத்தில் தொண்டு செய்யப் போன மகளுக்குத் தொல்லை என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து எழுதிய தந்தைக்கும் இதே பதில்தான். கட்சியின் ஒழுங்குக் குழு உறுப்பியத்தைத்தான் பறிக்கலாம். "கட்சி பேர் கெட்டுவிடும், பேசி முடிப்போம்" என்பவர் மகள் பக்கம் நிற்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் டெண்டர் விலையை முன்கூட்டியே வெளியே விடுகிறார்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். டிக்டாக்கில் போடலாமா? – பெயர் வேண்டாம்

போடாதீர்கள். தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010, அமலாக்க நிறுவனத்திடம் சொல்பவரைத்தான் காக்கிறது. ஊருக்குச் சொல்பவரை அல்ல. அரசியல்வாதி ரபிசி ரம்லி 2012இல் வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்டார். 2018இல் அவருக்கு 30 மாதச் சிறை விதித்தது செஷன்ஸ் நீதிமன்றம். மேல்முறையீட்டில் தப்பினார், ஆனால் ஏழு ஆண்டு அலைந்தார். அரசியல்வாதி தாங்குவார், மாதச் சம்பளக்காரர் தாங்குவாரா?

இந்தச் சட்டத்துக்கு 2025இல் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியிருக்கிறது. இன்றைய வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டிக்கொண்டு ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு நேரில் போங்கள். அலுவலகக் கணினியிலிருந்து அனுப்பாதீர்கள்.

எங்கள் வட்டார மாநகர் மன்ற உறுப்பினரை யார் தேர்ந்தெடுத்தது? சாக்கடைக்குக்கூட வந்து பார்ப்பதில்லை. – ஜோர்ஜ்டவுன்

நீங்கள் இல்லை; மாநில அரசாங்கம் நியமித்தது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976 ஊராட்சி மன்றச் சட்டத்தோடு ஒழிந்தது. பினாங்கு 2012இல் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. இதே ஊரில்தான் 1957இல் டி.எஸ். இராமநாதன் முதல் மேயராக உட்கார்ந்தார்; ஸ்காட் சாலைக்கு இன்று அவர் பெயர்.

இப்போதைக்கு நியமித்தவரின் கட்சியைத்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் தேதி போட்ட புகாரைக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 2015 முதல் அமலில் உள்ள பினாங்கு மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் குத்தகை ஆவணத்தையும் கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. மன்றத்தின் முழுக்கூட்டம், தீர்மானம் போட்டு மூடினாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது ஊராட்சி மன்றச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. போய் உட்கார்ந்து, உங்கள் உறுப்பினர் வாய் திறக்கிறாரா என்று பாருங்கள். குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.