அப்பாவைச் சேர்த்து வரைய வைத்தது ஏன்?

கேள்வி: ஒன்பது வயதாகும் என் மகன் சில மாதங்களாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் வாரந்தோறும் ஓர் உளச்சிகிச்சையாளரிடம் அழைத்துச் செல்கிறேன். அவரோ கேள்வி எதுவும் கேட்காமல், தாளும் வண்ணங்களும் கொடுத்து வரைய விடுகிறார். சென்ற வாரம், குடும்பத்தை வீட்டிலிருந்து வரைந்துவரச் சொன்னார். இவன் வரைந்த படத்தில் இவனுடைய அப்பா இல்லை. பார்ப்பவர் தவறாக நினைக்கக் கூடாதே என்று, அவரையும் சேர்த்துப் புதிய தாளில் அழகாக வரைய வைத்துக் கொடுத்தேன். படம் வரைவதற்கா இவ்வளவு செலவு செய்ய வேண்டும்?

பதில்: செலவைப் பற்றிப் பிறகு பேசலாம். "புதிய தாளில் அழகாக வரைய வைத்தேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை ஒருவழியாக எதையோ தாளில் இறக்கி வைத்தான். நீங்கள் அதை விடைத்தாளைப்போல் திருத்தி, வீட்டுக்கு ஏற்ற விடையை எழுத வைத்துவிட்டீர்கள். பேசத்தான் முடியவில்லை என்றிருந்தவனுக்கு, இனி வரைவதற்கும் தாயின் ஒப்புதல் வேண்டும் என்பது புரிந்திருக்கும்.

இத்தகைய கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் பிள்ளையின் துயரத்தைவிடக் குடும்பத்தின் பெயரைப் பற்றிய கவலையே ஓங்கி நிற்கிறது. தங்கள் பிள்ளையின் கண்ணில் தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்பதை முகம் சுளிக்காமல் பார்ப்பது பெற்றவர்களின் கடமை என்று நம்புகிறவள் நான்.

இத்தனைக்கும் உங்கள் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. முறையாகப் பயின்ற எவரும் ஒரு படத்தை மட்டும் வைத்து ஒரு வீட்டை எடைபோட மாட்டார். 1967இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மனித உருவப் படங்களோடு நோய்க்குறிகளைத் தொடர்பே இல்லாமல் இணைத்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். பெரிதாகக் கண் வரைந்தவர் சந்தேகப் பேர்வழி என்பது போன்ற, அங்கு இல்லாத தொடர்புகளையெல்லாம் அந்த மாணவர்கள் கண்டதாகச் சொன்னார்கள். உங்கள் மகன் அப்பாவை விட்டது கோபத்தால் இருக்கலாம், ஏக்கத்தால் இருக்கலாம், தாளில் இடம் போதாததாலும் இருக்கலாம். எது என்று அவனே சொல்ல முன்வரும்வரை காத்திருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

கேள்வி கேட்பதில்லை என்று குறைபட்டிருக்கிறீர்கள். பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வினிகாட், தாளில் ஒரு கிறுக்கலைப் போட்டுப் பிள்ளையிடம் நீட்டுவார். பிள்ளை அதை ஏதேனும் உருவமாக்கும். பிறகு பிள்ளை கிறுக்க, அவர் உருவமாக்குவார். தன்னை விசாரிக்கிறார்கள் என்ற எண்ணம் எழாததால், நேராகக் கேட்டால் வராத பலவும் அந்த விளையாட்டினூடே வெளிவந்தன. உங்கள் பணம் அப்படியொரு நேரத்துக்குத்தான் போகிறது.

படத்தை மாற்ற வைத்தது உங்கள் தவறு என்று மகனிடம் இன்றே சொல்லுங்கள். ஏன் அப்படி வரைந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். முதலில் வரைந்த தாள் இன்னும் இருந்தால் அவனிடமே கொடுத்துவிடுங்கள். அதைக் காட்டுவதா வேண்டாமா என்பது அவன் விருப்பம். ஆனால் நடந்ததைச் சிகிச்சையாளரிடம் நீங்கள் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். அவர் கையில் இப்போது இருப்பது உங்கள் படம்.

உங்கள் கடிதத்தையும் மறுபடி படித்துப் பாருங்கள். அழைத்துச் செல்வது நீங்கள், செலவுக்குக் கவலைப்படுவது நீங்கள். படத்தில் விடுபட்டவராக அன்றி, உங்கள் கணவர் அதில் வேறெங்குமே இல்லை. சிகிச்சையாளரைக் கலந்துகொண்டு, அவர் சரி என்றால், அடுத்த வாரம் மகனை அவனுடைய அப்பா அழைத்துச் செல்லட்டும்.